மார்கழியில எவன் வண்டி எடுப்பான்?

உக்காருங்க, உக்காருங்க. எடமிருக்குது. இந்தத் தொட்டிலக் கொஞ்சம் இக்கட்டால நகத்திக்கிறேன். காலை அதுக்கு அடியில விட்டுக்குங்க, ஒண்ணும் ஆவாது, அலுமினியம். நல்லா சாஞ்சுக்குங்க. கம்பி ஆடாது. அது நான் அடிச்ச ரிவிட்டு.

ஆமாங்க, இந்த பஸ்ஸுக்குப் பாடி கட்டுனது நாங்கதான். கரூர்ல. பதினோரு வருஷம் ஆச்சு. கடகடன்னு ஒரு சத்தம் வருது பாருங்க, அது எங்க சத்தம் இல்லீங்க. ஓனரு கவனிக்காம விட்ட சத்தம். நாங்க டெலிவரி குடுக்கறப்போ இதே சீட்டுல உக்காந்து கொட்டாவி விட்டாக் கடைசி சீட்டுக்குக் கேக்கும், அத்தனை அமைதி.

நாமக்கல்லுக்கா போறீங்க? நானும் அங்கதான். அப்ப ஒரு மணி நேரத்துக்குப் பேச்சுத் துணை ஆச்சு. எந்த ஊருங்க, மெட்ராஸா? அங்க விமானமெல்லாம் எச்சாப் பாத்திருப்பீங்க. நான் ஒருக்காக் கூட ஏறுனதில்லைங்க. ஆனா விமானம் கட்டுற ஒரு பெரிய பட்டறையில போன வருஷம் எத்தனை விமானம் டெலிவரி குடுத்தான்னு கேளுங்க, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அறுநூத்தி முப்பத்தி நாலு. அதனாலதாங்க இந்தத் தொட்டில்ல பேரு எழுதுற எடம் காலியாக் கெடக்குது. இருக்குதுங்க, சம்பந்தம் இருக்குது. சொல்றேன், கேளுங்க.

எம்பேரு சின்னராசு. பட்டறையில பாடி மேஸ்திரி. பன்னண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வருஷம் நாங்க நாப்பத்தி மூணு பஸ்ஸு டெலிவரி குடுத்தோம். அதுக்கு முன்ன அத்தனை குடுத்ததே இல்லை. மொதலாளி சந்தோசத்துல எல்லாத்துக்கும் பிரியாணி வாங்கிக் குடுத்தாரு. அந்தப் பொட்டலத்தைச் சுத்தியிருந்த பேப்பர்ல போட்டிருந்துச்சுங்க, கடலுக்கு அக்கட்டால ஒரு கம்பெனி, பிரயாணிங்க போற விமானம் கட்டுற கம்பெனி, ஒரே வருஷத்துல ஐநூத்திச் சொச்சம் டெலிவரி குடுத்துப்போட்டான்னு. எனக்குச் சோறு எறங்கலை. அவனும் தகடு, நாங்களும் தகடு. அவனும் ரிவிட்டு, நாங்களும் ரிவிட்டு. அவன்கிட்டயும் சன்னலோரத்துக்குத்தான் சண்டை. அப்புறம் எப்படீங்க அவன் ஐநூறு, நாங்க நாப்பத்தி மூணு?

அன்னிக்கே பட்டறைச் செவுத்துல சாக்பீஸ்ல நடுவுல ஒரு கோடு இழுத்தேன். ஒரு பக்கம் 'நாங்க'ன்னு எழுதுனேன். இன்னொரு பக்கம் 'பெரிய பட்டறை'. மாசாமாசம் எழுதுவேன். எனக்கு இங்கிலீசு வராது. எம்புள்ளை கோகிலவாணி, வாணின்னு கூப்புடுவோம், அப்ப எட்டாவது. பள்ளிக்கூடம் விட்டுப் பட்டறைக்கு வந்தா படியில உக்காந்து போன்ல அவங்க கணக்கைப் பாத்துப் படிச்சுச் சொல்லும், நான் எழுதுவேன். அப்ப இருந்து பன்னண்டு வருஷம். அந்தக் கம்பெனிக்காரனே எங்க அளவுக்கு எழுதி வெச்சிருக்க மாட்டான்.

பாக்கப் பாக்க ஒண்ணு தெரிஞ்சுதுங்க. அவனும் நம்மளாட்டத்தான் தவிக்கிறான். ஒரு வருஷம் பாடியெல்லாம் முடிஞ்சு விமானம் வரிசையா நிக்குது, சீட்டு வரலை. நான் கைகொட்டிச் சிரிச்சுப்போட்டேன். சீட்டுக்காரன்கிட்ட ஏமாறாத பட்டறை ஒலகத்துல உண்டுங்களா? இன்னொரு வருஷம் இன்ஜின் வராம நிக்குது. அதைக் கேட்டுத்தான் எனக்கு வெசனமாப் போச்சு. நமக்கு அடிச்சட்டம், அந்த சேசிஸு, வர்றப்பவே இன்ஜினோட வருது, நாம ஓட்டிட்டு வந்து மேல பாடி கட்டுறோம். அவன் பாடியைக் கட்டிவெச்சுப்போட்டு இன்ஜினுக்குக் காத்திருக்கறான். தலைகீழ் வேலை. இதைச் சொல்ல அவன்கிட்ட ஆளில்லை. நான் வாணிய விட்டு ஒரு ஈமெயில் போடச் சொன்னேன். இப்படி இப்படி, மொதல்ல இன்ஜினை வாங்குங்க, சீட்டுக்குக் கரூர்ல நமக்குத் தெரிஞ்ச ஆளு இருக்கறாப்லன்னு. பதில் வந்துச்சுங்க. உங்கள் ஆர்வத்துக்கு மிக்க நன்றின்னு. அனுப்புன அதே நிமிசத்துல பதில். கையில போனை வெச்சுட்டு நம்மளை எதிர்பாத்துட்டே இருந்திருக்கறாங்க. அதை லேமினேசன் போட்டு ஆபீசுல மாட்டியிருக்குது.

சரி, பேரு விசயத்துக்கு வர்றேன்.

எங்க தொழில்ல ஒரு மொறை இருக்குதுங்க. பாடி கட்டுறது நாங்க, பேரு வெக்கிறது ஓனரு. வண்டி நெத்தியில எழுதுறமே பேரு, அதுல பட்டறைக்காரன் வாயே தொறக்கக் கூடாது. அவுங்க கொலசாமி பேரோ, சம்சாரம் பேரோ, சம்சாரத்துக்குத் தெரியாத பேரோ, சொன்னதை எழுதிக் குடுத்துப்போட்டு பேசாம இருக்கோணும். யாருக்கு டெலிவரி ஆவுதோ அவங்கதான் பேரு வெக்கோணும். நான் ஒருநாளைக்கு நாலு தடவை சொல்ற வார்த்தை அது. விமானத்துக்கும் அப்படித்தானாம், வாணி படிச்சுச் சொல்லுச்சு. கட்டுறது பெரிய பட்டறை, வால்ல எழுதுறது வாங்குனவன் பேரு. கேட்டவொடனே எனக்கு அவன் மேல ஒரு மரியாதையே வந்துருச்சு.

பட்டறைக்குன்னு இருக்கறது ஒரே ஒரு சின்னத் தகடு. படிக்கட்டுக்குப் பக்கத்துல, நீங்க ஏறும்போது பாத்திருப்பீங்க, இந்தப் பாடியைக் கட்டுனது இன்னாருன்னு. அதுவும் மொதலாளி பேரு. வேலை செஞ்சவன் பேரு எதுலயும் இருக்காது. எங்கப்பா சென்னியப்பன், அதே பட்டறையில நாப்பது வருஷம் தகடு தட்டுனவரு. இடது கையில ரெண்டு வெரலு அங்கயே போச்சு. அவரு கைபட்ட வண்டி எத்தனையோ ஊருக்கு ஓடுச்சு, ஒண்ணுலயாச்சும் அவரு பேரு உண்டா? கெடையாது. அவரு தவறிப்போன வருஷம் ஒரு ஓனரு பேரே சொல்லாம இழுத்தடிச்சாரு. நான் துணிஞ்சு, 'சென்னியப்பன்'னு மஞ்சள்ல எழுதி, சுத்தியும் சேப்புக் கோடு இழுத்து வெச்சுப்போட்டேன். ஓனரு வந்து பாத்தாரு. யாரப்பா இந்த சென்னியப்பன், என் வண்டியில என்ன பண்றான்னாரு. நானேதான் உப்புத்தாள் வெச்சுத் தேச்சு எடுத்தேன். ஒவ்வொரு எழுத்தாத் தேய்க்கும்போது எனக்கு வயிறெரிஞ்சு போச்சுங்க. அன்னிக்கு நெனச்சேன், எம்புள்ளைக்கு ஒரு கொழந்தை பொறந்தா அதுக்கு எங்கப்பா பேருதான், அதை எவனும் தேச்சு எடுக்க முடியாதுன்னு.

வாணிய நாமக்கல்லுல குடுத்தோம். மாப்பிள்ளை தினகரன், தங்கமான பையன். சம்பந்தி நாச்சிமுத்துதான் கொஞ்சம். அவரு லாரி பாடி கட்டுறவருங்க. லாரிய நான் கொறை சொல்லலை. நாலு பலகைய நிறுத்தி ஆணியடிச்சா லாரி, அதுவும் ஒரு தொழிலுதான். ஐப்பசியில வாணிக்கு ஏழாம் மாசம், வளைகாப்பு எங்கூட்டுல. பந்தியில பாயசம் ஊத்துற நேரம், சம்பந்தி சொல்றாரு, மொத வாரிசுக்கு எங்கய்யன் காளியண்ணன் பேரைத்தான் வெக்கோணும், அது எங்க வழக்கம்னு. நான், பிரசவம் எங்கூட்டுல, பேரு சென்னியப்பன்தான்னு சொன்னேன். அவரு எலையை மடிச்சாரு. எனக்கும் எறங்கலை, நானும் மடிச்சேன். பாயசம் ரெண்டு எலைக்கு நடுவுல ஓடுது.

அப்பத்தான் சம்பந்தி சொன்னாரு. நீங்கதான் விமானக் கணக்குல பெரிய ஆளாச்சே. இந்த வருஷம் அந்தக் கம்பெனி எத்தனை டெலிவரி குடுப்பான்னு ஆளுக்கொரு சீட்டு எழுதுவோம், யாரு கிட்டத்துல வர்றாங்களோ அவங்க வெக்கிற பேருதான்னாரு. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. பன்னண்டு வருஷமாச் செவுத்துல எழுதுறவன்கிட்ட பந்தயம் கட்டுறாரு லாரிக்காரரு. ஒத்துக்கிட்டேன். வருஷக் கணக்கை வாணி வாயால படிச்சுச் சொன்னாத்தான் செல்லும்னு பேச்சு. மாப்பிள்ளை அவரு பையன், நம்பக் கூடாது. வாணின்னா ரெண்டு பக்கத்துக்கும் சொந்தம். சீட்டை மடிச்சு ஒரு எவர்சில்வர் டப்பாவுல போட்டு அவ கையிலயே குடுத்தோம். சிரிச்சுட்டு வாங்கிக்கிச்சு. ரொம்ப சந்தோசம் அதுக்கு.

எங்கூட்டுக்காரி சரசுதான் எடையில வந்து, பெத்துக்கப்போறவளை ஒரு வார்த்தை கேக்கலாமில்லன்னா. வாணிக்கு என்னங்க தெரியும், கொழந்தை. பெரியவங்க நாங்க ரெண்டு பேரு இருக்கறோம், விமானக் கம்பெனி ஒண்ணு இருக்குது, இதுக்கு மேல என்ன வேணும்?

நான் கணக்குப் போட்டது எப்படின்னு சொல்றேன், நீங்களே சரியா தப்பான்னு சொல்லுங்க. புரட்டாசி முடிய செவுத்துல நானூத்தி அம்பத்தஞ்சு. ஐப்பசிக்கு அறுவது, கார்த்திகைக்கு அறுவது. அதுல அட்டமி, நவமி, கரிநாளுக்கு ஏழைக் கழிச்சுப்போடுங்க. மார்கழிக்குச் சுத்தமா சைபரு. மார்கழியில எவன் வண்டி எடுப்பான்? எங்க பட்டறையில மார்கழி பொறந்தா ஈயடிக்குமுங்க. கட்டி முடிச்ச வண்டி நிக்கும், ஓனரு தை பொறக்கட்டும்னு போயிருவாரு. சாதா பஸ்ஸுக்கே இப்படின்னா, அத்தனை பேரை ஏத்திட்டு வானத்துல போற வண்டி, அதை ஒருத்தன் மார்கழியில எடுப்பானா? ஐநூத்தி அறுவத்தெட்டு. எழுதி மடிச்சுட்டேன். வாணி அப்பவே கேட்டுச்சு, ஆடியிலயும் அவங்க டெலிவரி குடுத்துட்டுத்தானுங்கப்பா இருக்கறாங்கன்னு. அது பழைய புக்கிங்கு கண்ணுன்னு வெளக்கமாச் சொல்லிவெச்சேன்.

சம்பந்தி கணக்கைக் கேட்டா சிரிப்பீங்க. மனுசன் பந்தயத்துக்கு முன்னயே ஒரு மாசமா மொட்டை மாடியில சேர் போட்டு உக்காந்து, நாமக்கல்லுக்கு மேல போற விமானத்தை எண்ணியிருக்கறாரு. போறது பூராவும் புது வண்டின்னு நெனப்பு. சம்பந்தி, அது டிரிப்பு அடிக்கிற வண்டிங்க, போனதே திரும்பி வரும்னு சொன்னேன். அதுக்கு அவரு, வர்றதை நான் எண்ணலைங்க, போறதை மட்டுந்தான் எண்ணுறேன்னாரு. எழுநூறுன்னு எழுதியிருந்தாரு. முழுசா எழுநூறு. லாரிக்காரங்களுக்குச் சில்லறை எண்ணிக்கையே வராதுங்க.

பரமத்தி வேலூரு வந்துருச்சா? இல்லை, இன்னும் பாலம் வரலை.

அப்புறம் போகியன்னிக்கு, மார்கழி கடைசி நாளு, காலையில வாணிக்கு வலி எடுத்துருச்சு. கரூர்ல ஒரு ஆஸ்பத்திரியில சேத்தோம். சம்பந்தி, சம்பந்தியம்மா, மாப்பிள்ளை எல்லாம் ஓடி வந்துட்டாங்க. அன்னிக்கு சாயங்காலந்தான் அந்தக் கம்பெனியும் வருஷக் கணக்கை வெளியில விடறான். ரெண்டும் ஒரே நாளு. நானும் சம்பந்தியும் வராண்டாவுல பெஞ்சுல உக்காந்தோம். கையில நோட்டு. நான் எந்திரிக்கறதும் உக்கார்றதுமா இருக்கறேன். வாணியை நெனச்சுத்தான். மார்கழி கணக்கையும் நெனச்சுத்தான்.

நாங்க பாட்டுக்குப் பேசிட்டு இருக்கறோம். இந்த வருஷம் எத்தனை டெலிவரி, போன வருஷத்துக்குக் கம்மியா எச்சா, கடைசி மாசம் எப்படி, எத்தனை நிலுவையில நிக்குதுன்னு. நோட்டுல எழுதிக்கிறோம். கொஞ்ச நேரத்துல ஒருத்தர் வந்து, சார் பேன் காத்துல உக்காருங்கன்னு மெத்தை வெச்ச சேர் ரெண்டு போட்டாரு. டீ வந்துச்சு, பிஸ்கெட்டு வந்துச்சு. பொறவு ஆபீசுல இருந்து ஒரு அம்மா ஒரு பெரிய ரிஜிஸ்டரைக் கொண்டாந்து, இது எங்க டெலிவரிக் கணக்குங்க சார், எல்லாம் சரியா இருக்குதுன்னு நீட்டுது. சுகாதாரத் துறையில இருந்து பாக்க வந்திருக்கறோம்னு நெனச்சுட்டாங்க. நான் அதையும் ஒருக்காப் பொரட்டிப் பாத்தேன். மார்கழியில எழுவத்தி ரெண்டு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

அட, அதை விடுங்க. பக்கத்துல ஒரு அம்மா, மருமகளைச் சேத்துப்போட்டு உக்காந்திருந்தாங்க. நான் சம்பந்திகிட்ட, மார்கழியில எவன் டெலிவரி எடுப்பான், வாய்ப்பே இல்லைன்னு அழுத்திச் சொன்னனா, அந்தம்மா என்னை சோசியக்காரன்னு நெனச்சுட்டாங்க. சாமி, எம்மருமகளுக்கு இன்னிக்கே வலி வந்துருச்சுங்களே, என்ன பண்றதுன்னு கையைப் புடிச்சுட்டாங்க. நான் விமான நெனப்புலயே இருந்து, பயப்படாதீங்கம்மா, சீட்டு வந்துருச்சுன்னாக் குடுத்துறலாம்னு சொன்னேன். அந்தம்மா எந்திரிச்சு சீட்டு எங்க குடுக்கறாங்கன்னு கேட்டுட்டே போயிட்டாங்க.

சாயங்காலம் ஆறு மணிவாக்குல நர்ஸம்மா கதவைத் தொறந்து, டெலிவரி ஆயிருச்சுங்கன்னாங்க. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா எந்திரிச்சோம். எத்தனைன்னு கேட்டேன். நர்ஸம்மா ஒரு மாதிரி பாத்துட்டு, ஒண்ணுதாங்கன்னாங்க. வருஷம் முச்சூடும் ஒண்ணான்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. அப்பத்தான் அவங்க, பொம்பளப் புள்ளைங்க, ரெண்டு பேரும் நல்லா இருக்கறாங்கன்னாங்க.

நான் சம்பந்தியப் பாத்தேன், அவரு என்னையப் பாத்தாரு. சென்னியப்பன், காளியண்ணன். மூணு மாசமாச் சண்டை போட்டமே, பொம்பளப் புள்ளை பொறக்கும்னு ரெண்டு பேருக்கும் தோணவே இல்லீங்க. சம்பந்திதான் மொதல்ல சுதாரிச்சாரு. காளியம்மான்னாரு. அவருக்குச் சுளுவா மாறிருச்சு. நான் சென்னியம்மான்னேன். சொல்லும்போதே எனக்கே வாயில நிக்கலை. விட முடியுமா?

உள்ள போனோம். வாணி களைச்சுப் படுத்திருக்குது, பக்கத்துல துணியில சுத்திப் புள்ளை. ரோசாக் கலரு. சரசு ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம் கண்ணைத் தொடச்சுட்டு நிக்கறாரு. நானும் சம்பந்தியும் ஒரே வாயா, கண்ணு, பாத்தியான்னு கேட்டோம். சரசு தலையில அடிச்சுக்கிட்டா. கொழந்தையப் பாத்தியான்னு கேட்டோம்னு பின்னால சொல்லிப் பாத்தேன், அவ நம்பலை.

வாணி போனை எடுத்துச்சு. பாத்துச்சு. அறுநூத்தி முப்பத்தி நாலுன்னுச்சு.

மார்கழியில மட்டும் அத்தனை வண்டியக் குடுத்திருக்கறான். எலுமிச்சம்பழம் வெச்சானா, பூசணிக்கா ஒடைச்சானா, ஒண்ணும் தெரியாது. வருஷம் முடியறதுக்குள்ள கணக்கை ஏத்தோணும்னு அள்ளி வெளியில தள்ளியிருக்கறான். சாங்கியம் தெரியாத பட்டறை. சரின்னு நோட்டை எடுத்துக் கழிச்சோம். எஞ்சீட்டு ஐநூத்தி அறுவத்தெட்டு, வித்தியாசம் அறுவத்தாறு. சம்பந்தி எழுநூறு, வித்தியாசம் அறுவத்தாறு. மறுபடியும் கழிச்சோம். அறுவத்தாறு, அறுவத்தாறு. மாப்பிள்ளை போன்ல கழிச்சாரு. அதேதான்.

அப்புறம் என்ன, சண்டைதான். குறைச்சுச் சொன்னவன் கெட்டிக்காரனா, கூட்டிச் சொன்னவன் கெட்டிக்காரனா? கடைசி நாள்ல குடுத்த வண்டி ஓனரு வீடு போய்ச் சேர்ந்துச்சா இல்லையா, வழியில நின்னா அது டெலிவரியா? ஒரே ஒரு வண்டி குறைஞ்சாக்கூட நான் ஜெயிச்சுருவேன். மறு எண்ணிக்கை வேணும்னேன். யாருகிட்டக் கேக்கறதுன்னு சம்பந்தி சத்தம் போட்டாரு. ஈமெயில் போட்டா அதே நிமிசத்துல பதில் வரும்னு நானும் சத்தம் போட்டேன். பாப்பா முழிச்சு அழுவ ஆரம்பிச்சுருச்சு.

வாணி கையை நீட்டி எஞ்சட்டையப் புடிச்சுது.

"ஏனுங்கப்பா, நம்ம பட்டறையில வண்டிக்கு யாருங்கப்பா பேரு வெப்பாங்க?"

எனக்குப் பெருமையாப் போச்சு. சம்பந்திக்குக் கேக்கட்டும்னு நெஞ்சை நிமித்திச் சொன்னேன். "யாருக்கு டெலிவரி ஆவுதோ அவங்கதான் கண்ணு. பட்டறைக்காரன் வாயே தொறக்கக் கூடாது."

"இப்ப டெலிவரி யாருக்குங்கப்பா ஆச்சு?"

அவ்வளவுதாங்க. சம்பந்தி தலையச் சொறிஞ்சுட்டு, உனக்குத்தான் சாமின்னு மெதுவாச் சொன்னாரு. மார்கழியில எவன் எடுப்பான்னு கேட்டுட்டே இருந்தனே, எம்புள்ளை மார்கழி கடைசி நாள்ல எடுத்துட்டுப் படுத்திருக்குது. பன்னண்டு வருஷமா என் வார்த்தையைக் கேட்டுட்டுப் படியில உக்காந்திருந்தது, அதையே எடுத்து எனக்குத் திருப்பிக் குடுத்துருச்சு. அப்பத்தாங்க நான் பாப்பா மொகத்தைப் பாத்தேன். வாயி எங்கப்பா வாயி. சம்பந்தி அவங்கய்யன் வாயின்னாரு. அன்னிக்கு நான் மறுத்துப் பேசலை.

பொறவு ஒரு நாளு சரசு பிஸ்கெட்டுப் போட்டு வெக்க அந்த எவர்சில்வர் டப்பாவத் தொறந்தா, உள்ள மூணு சீட்டு. மூணாவது வாணி கையெழுத்து. அறுநூத்தி முப்பதுன்னு எழுதி வெச்சிருந்துச்சு. நாலு வண்டிதான் வித்தியாசம். சும்மா குருட்டாம்போக்குல எழுதியிருக்கும். அதுக்கு என்னங்க தெரியும், படிச்சுச் சொன்னதோட சரி.

வாணி மூணு மாசம் எங்கூட்டுல இருந்துச்சு. பேரு என்னன்னு சொல்லவே இல்லை. பாப்பா, பாப்பான்னே ஓட்டிட்டோம். நாமக்கல்லுல தொட்டில் போட்டுப் பேரு வெக்கிறதுன்னு முடிவாச்சு. எடம் சம்பந்தியோடது, தொட்டிலு என்னோடது. நானே பட்டறையில கட்டுனேன். பாருங்க, உள்ள ரெக்சினு, ஓரத்துல ரப்பரு, நாலு மூலையிலயும் வளைவு குடுத்திருக்கறேன், எங்கயும் இடிக்காது. நெத்தியில பேருக்கு எடம். ஏழு எழுத்துக்குச் சரியா இருக்குதேன்னு சரசு கேட்டா. சென்னியப்பன் ஏழு எழுத்துதான், ஆனா அது தற்செயலுங்க. அளவு அப்படி அமைஞ்சு போச்சு.

ஊருக்குக் கெளம்புற அன்னிக்கு வாணி பாப்பாவத் தூக்கிட்டுப் பட்டறைக்கு வந்துச்சு. தொட்டிலச் சுத்திச் சுத்திப் பாத்துச்சு, ஓனரு வண்டிய மேல கீழ பாக்கற மாதிரியே. நெத்தியக் காலியா விடுங்கப்பா, நான் அங்க சொல்றேன்னுச்சு. சரின்னேன். பொறவு குனிஞ்சு, கால்மாட்டுல ஓரமா தடவிப் பாத்துட்டு, "பட்டறைத் தகடு ஒண்ணு வருமில்லீங்கப்பா, படிக்கட்டுப் பக்கம். அதுல தாத்தா பேரை எழுதிக்கங்க. கட்டுனது சென்னியப்பன்னு"ன்னுச்சு.

நான் அந்தப் பக்கம் திரும்பி, தேய்க்க ஒண்ணுமில்லாத எடத்தை உப்புத்தாள் வெச்சுத் தேச்சுட்டு நின்னேன். அழுதுட்டேனுங்க. மறைக்கறதுக்கு என்ன இருக்குது. இந்தா பாருங்க, பேப்பரை வெலக்குனாத் தெரியும். பித்தளைத் தகடு. சுத்தியும் சேப்புக் கோடு இழுத்திருக்கறேன்.

சம்பந்திக்கு விசயம் போயி, எங்கய்யன் பேரு எங்கன்னு போனு. வாணிதான் அதையும் முடிச்சுது. லாரிக்குப் பின்பக்கந்தானே விசேசம், பின்னாடி எழுதிக்குவோம்னு. திருப்பிப் பாருங்க. 'காளியண்ணன் துணை. பாப்பா தூங்குது, ஹாரன் அடிக்காதீர்.' ஹாரன் வரி சம்பந்தி கேட்டு எழுதுனது. அவருக்கு அதுல ஒரே பெருமை.

இன்னிக்குத்தான் பேரு வெக்கிற விசேசம், நேத்தே நான் போயிருக்கோணுங்க. சரசு நேத்தே போயிட்டா. தொட்டிலுதான் முடியலை. பதினஞ்சு நாளு லேட்டு. மெத்தை தைக்கிறவன் இன்னிக்கு, நாளைக்குன்னு இழுத்தடிச்சு இன்னிக்குக் காலையிலதான் குடுத்தான். பாத்தீங்களா, பெரிய பட்டறையச் சொல்லிச் சிரிச்சனே.

பேரு எனக்குப் புடிக்கலைன்னா என்ன பண்ணுவேன்னு கேக்கறீங்களா? என்னங்க கேள்வி. சொன்னதை எழுதிக் குடுக்கறதுதான் நம்ம வேலை. பையில பெயிண்டு டப்பா இருக்குது, மஞ்சளும் சேப்பும். பிரஷ்ஷு இருக்குது. சட்டைப் பையில நாலு பேரு எழுதி வெச்சிருக்கறேன், அது சும்மா. ஒரு பேச்சுக்கு அதுவா வந்து, அப்பா நீங்க சொல்லுங்கன்னு கேட்டா முழிக்கக் கூடாதில்லீங்களா, அதுக்கு.

ஒரு நிமிசம். போனு. வாணிதான்.

சொல்லு கண்ணு. வந்துட்டேன், நாமக்கல்லு நுழைஞ்சாச்சு. மெத்தையும் இருக்குது. என்னது, எத்தனை எழுத்து? மூணா? மூணேதானா? இல்லை, ஏழுக்கு... சரி. சரி, மூணு. ரெண்டு பக்கமும் பூ வரைஞ்சு விட்டுறலாம், பளிச்சுன்னு இருக்கும். பேரைச் சொல்ல மாட்டியா? பரவால்லை, வந்தே கேட்டுக்கறேன். சரிங்க ஓனரம்மா.

எறங்கோணுங்க. இதை அந்தப் பக்கம் கொஞ்சம் புடிக்கிறீங்களா? அங்க இல்லீங்க, கீழே, கீழே புடிங்க. பேரு எழுதுற எடத்துல கை படாமப் பாத்துக்குங்க.